அனுபவம் எங்கே கிடைக்கும், ஐயா?



போன மாதம் நகரியிலிருந்து ஓர் உள்நாட்டுக் கடிதம் வந்தது. உள்பக்கம் முழுக்க நெருக்கி எழுதி, இடம் போதாமல் ஓரத்திலும் எழுதியிருந்தார் ஓர் அம்மா. வீட்டில் இரண்டு விசைத்தறி, துண்டு நெய்கிறார்கள். மகன் பி.காம். முடித்து இரண்டு வருடம் ஆகிறது. சென்னைக்கும் ஸ்ரீசிட்டிக்கும் திருப்பதி வேலைவாய்ப்பு முகாமுக்குமாக எத்தனையோ முறை போய்வந்துவிட்டான். பஸ் செலவுக்கே ஒரு தறியின் வருமானம் சரியாகப் போகிறதாம். கடிதத்தின் கடைசி வரிகளை அப்படியே தருகிறேன்: “எங்கே போனாலும் அனுபவம் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். வேலையே கொடுக்காவிட்டால் அனுபவம் எங்கே கிடைக்கும், ஐயா? கடையில் விற்கிறார்களா?”

இரண்டு முறை பதில் எழுத உட்கார்ந்தேன், இரண்டு முறையும் எழுந்துவிட்டேன். “நம்பிக்கையோடு இருங்கள் அம்மா” என்று எழுதிப் போடுவது சுலபம். ஆனால் அவர் கேட்டது ஆறுதல் அல்ல. எங்கே கிடைக்கும் என்று இடம் கேட்கிறார். சித்தூரிலும் திருப்பதியிலும் வீட்டுக்கு வீடு இதே கேள்வி இருக்கிறது என்பதால், இந்த மாதம் ஆசிரியர் பக்கத்தை அவருக்கான பதிலாகவே எழுதுகிறேன்.

முதலில் என் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

1986-ல் பி.ஏ. வரலாறு முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். சித்தூரில் ஒரு சந்துக்குள் இருந்த சிறிய அச்சகத்தில் அப்பா கொண்டுபோய் விட்டார். சம்பளம் பேசவில்லை. மதியச் சாப்பாடும் பஸ் காசும் கொடுத்தார்கள். ஈய எழுத்துகளைக் கையால் கோக்கும் காலம் அது. தமிழுக்கு ஒரு கேஸ், தெலுங்குக்கு ஒரு கேஸ், இரண்டிலும் நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன அறைகள். எந்த அறையில் ‘கு’ இருக்கிறது, எந்த அறையில் ‘ணை’ இருக்கிறது என்று விரலுக்குத் தெரியவே இரண்டு மாதம் ஆயிற்று. எழுத்தெல்லாம் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பியிருக்கும். வரலாற்றில் முதல் வகுப்பு வாங்கியவனுக்கு ‘ட’-வையும் ‘ப’-வையும் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

மூன்றாவது மாதம் ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. நம் பக்கத்து வழக்கப்படி ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் தெலுங்கு. நான்தான் கோத்தேன், நான்தான் புரூஃபும் பார்த்தேன். முந்நூறு பத்திரிகை அச்சாகிப் போய்விட்டது. மறுநாள் காலையில் பெண்ணின் அப்பா வந்தார். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய ஒரே ஒரு பத்திரிகையை மேஜைமேல் வைத்தார். சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு எடுத்த முதல் பத்திரிகை அது. தமிழ்ப் பக்கத்தில் வியாழக்கிழமை, தெலுங்குப் பக்கத்தில் சுக்ரவாரம், அதாவது வெள்ளிக்கிழமை.

அவர் கத்தவில்லை. “பிள்ளை வீட்டுக்காரங்க தெலுங்கு படிப்பாங்க, எங்க ஆளுங்க தமிழ் படிப்பாங்க. யார் எப்போ வருவாங்க?” என்று மட்டும் கேட்டார். எனக்குக் கால் நடுங்கியது. முதலாளி என்னைத் திட்டவும் இல்லை, காப்பாற்றவும் இல்லை. அன்று இரவு என்னையே உட்கார்த்தி மறுபடி கோக்க வைத்தார். விடிகாலையில் முந்நூறையும் கட்டி என் கையில் கொடுத்து, “நீயே கொண்டுபோய்க் குடுத்துட்டு வா, தம்பி. மன்னிப்பும் நீயே கேளு” என்றார். திரும்பி வந்தபிறகு ஒன்று சொன்னார்: “கண்ணாலே படிச்சா கண்ணு ஏமாத்தும். வாயாலே படி. ஒருத்தர் படிக்கணும், இன்னொருத்தர் பார்க்கணும்.”

இன்றும் நம் இதழின் ஒவ்வொரு பக்கமும் அச்சுக்குப் போகுமுன் ஒருவர் வாய்விட்டுப் படிக்க, இன்னொருவர் பார்க்கிறார். கணினி வந்து எவ்வளவோ மாறிவிட்டது, இது மாறவில்லை. அனுபவம் என்று நான் சொல்வது இதைத்தான். நம் தவறு இன்னொரு குடும்பத்தின் வாசலில் போய் நிற்கும்போது நமக்குள் ஒன்று திரும்புகிறதே, அதை எந்த வகுப்பறையாலும் தர முடியாது. தெரியாதவனை நம்பி யாராவது ஒருவர் வேலையைக் கையில் கொடுக்க வேண்டும், தவறினால் திருத்த வேண்டும். இந்த இரண்டும் நடக்கும் இடத்தில்தான் அனுபவம் கிடைக்கிறது.

இப்போது நம் பிள்ளைகளுக்கு வருகிறேன்.

ஆந்திர அரசு 2020-21 கல்வியாண்டில் பட்டப்படிப்புக்கு ஒரு பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது. பி.ஏ., பி.காம்., பி.எஸ்ஸி. எதுவானாலும் மூன்று ஆண்டில் பத்து மாதம் கட்டாய இன்டர்ன்ஷிப். முதலாண்டு முடிந்ததும் இரண்டு மாதம் ஊருக்குள் சமூக சேவைத் திட்டம், இரண்டாமாண்டு முடிந்ததும் இரண்டு மாதம் வேலைப் பயிற்சி, மூன்றாமாண்டில் ஒரு முழு செமஸ்டர். என் பார்வையில் இது மிக நல்ல ஏற்பாடு. பொறியியல் பிள்ளைகளுக்கு மட்டும் எப்போதோ கிடைத்துவந்த வாய்ப்பை, கார்வேட்டிநகரத்திலிருந்து பஸ் பிடித்து வந்து பி.ஏ. படிக்கும் பெண்ணுக்கும் எழுத்தில் கொடுத்த விதி அது.

விதி நன்றாக இருந்தும் நடப்பு வேறாக இருக்கிறது. சில மாதங்களுக்கு முன் திருப்பதியிலிருந்து சித்தூர் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். பின்சீட்டில் நான்கு மாணவர்கள். சந்திரகிரி தாண்டும்வரை அவர்கள் பேசியது ஒரே விஷயம்: இன்டர்ன்ஷிப் சான்றிதழ் எங்கே எவ்வளவுக்குக் கிடைக்கும். ஒருவன் ஒரு தொகை சொன்னான். இன்னொருவன், அதற்குப் பாதியில் ரிப்போர்ட்டும் சேர்த்துத் தருகிறார்களே என்றான். நல்ல பிள்ளைகள். ஒரு பெரியவர் ஏறியதும் எழுந்து இடம் கொடுத்தார்கள். பத்து மாதத்தைக் காசு கொடுத்துத் தொலைக்கிறோம் என்ற எண்ணமே அவர்களுக்கு இல்லை, அதுதான் என்னை வருத்தியது. “கடையில் விற்கிறார்களா” என்று நகரி அம்மா கேட்டாரே, விற்கிறார்கள் அம்மா. ஆனால் விற்பது வெறும் காகிதம். நேர்முகத் தேர்வில் எதிரே உட்காருபவர் அந்தக் காகிதத்தைக் கீழே வைத்துவிட்டு, “இரண்டு மாதம் என்ன செய்தாய்?” என்று கேட்பார். அதோடு முடிந்தது.

மாணவர்களை மட்டும் குறை சொல்ல மனம் வரவில்லை. ஒரே சமயத்தில் ஒரு கல்லூரியின் முந்நூறு பேருக்கும் இடம் தேட வேண்டும் என்றால் பேராசிரியர்கள் எங்கே போவார்கள்? கிராமத்துக் கல்லூரிக்குப் பக்கத்தில் எந்தக் கம்பெனி இருக்கிறது? பஸ் காசு யார் கொடுப்பார்கள்? மகளைத் தெரியாத இடத்துக்கு அனுப்பப் பெற்றோருக்குப் பயம் இருக்காதா? இந்தக் கேள்விகளெல்லாம் நியாயமானவை. என்றாலும் நம் ஊரில் வேலை கற்க இடமே இல்லை என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கங்காதர நெல்லூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி நம் அலுவலகத்துக்கு வந்திருந்தாள். பி.எஸ்ஸி. வேதியியல். இரண்டாமாண்டு முடிந்த விடுமுறையில் ஒரு மாங்கூழ்த் தொழிற்சாலையின் ஆய்வகத்தில் இரண்டு மாதம் இருந்திருக்கிறாள். கையில் ஒரு நாற்பது பக்க நோட்டு. அதை என்னிடம் காட்டத்தான் வந்தாள். “கட்டுரையா போடுவீங்களா, சார்?” என்றாள். கட்டுரை பிறகு வரும், இப்போது அந்த நோட்டிலிருந்து கொஞ்சம் சொல்கிறேன்.

நம் மாவட்டத்து மாங்கூழ் பெரும்பாலும் தோத்தாபுரி. தமிழ்நாட்டில் கிளிமூக்கு என்றும் பெங்களூரா என்றும் சொல்கிறார்கள். மே கடைசியில் தொடங்கி ஜூலை முடியும்வரை ஆலைகள் இரவு பகலாக ஓடும். பழத்தைக் கழுவி, தரம் பிரித்து, கொட்டை நீக்கிக் கூழாக்கி, சூடேற்றிக் கிருமி நீக்கி, காற்றுப் புகாத பையில் அடைத்து டிரம்மில் வைக்கிறார்கள். ஒரு டிரம் சுமார் 215 கிலோ. அங்கிருந்து துறைமுகத்துக்குப் போய் அரபு நாடுகளுக்கும் ஐரோப்பாவுக்கும் கப்பலேறுகிறது. ஏற்றுவதற்கு முன்னால் ஒவ்வொரு தொகுப்பையும் ஆய்வகம் பார்த்தாக வேண்டும்.

அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தது ரிஃப்ராக்டோமீட்டர் என்ற சின்னக் கருவி. கண்ணாடிப் பரப்பில் ஒரு சொட்டுக் கூழை வைத்து மூடி, வெளிச்சத்தைப் பார்க்கப் பிடித்துக் கண்ணை வைத்தால், நீலமும் வெள்ளையும் சந்திக்கும் கோடு தெரியும். கோடு நிற்கும் எண்தான் பிரிக்ஸ், அதாவது கூழில் எவ்வளவு சர்க்கரைச் சத்து இருக்கிறது என்ற கணக்கு. தோத்தாபுரிக்குக் குறைந்தது பதினான்கு வர வேண்டும். குறைந்தால் பழம் சரியாகப் பழுக்கவில்லை என்று பொருள், பழுக்க வைக்கும் இடத்துக்கு உடனே செய்தி போக வேண்டும். முதல் வாரம் ஒரே கூழுக்கு அவள் பார்த்த எண் ஒன்று, மேற்பார்வையாளர் பார்த்த எண் ஒன்று. காரணம், முந்தைய சொட்டைத் துடைத்தபின் அவள் தண்ணீரைச் சரியாக ஒற்றி எடுக்கவில்லை. “ரெண்டு சொட்டுத் தண்ணிதான் சார், அரை பிரிக்ஸ் குறைஞ்சிடுச்சு” என்று நோட்டில் அந்த இடத்தைக் காட்டினாள். சிவப்பு மையில் அடிக்கோடு போட்டிருந்தாள்.

இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது. அமிலத்தன்மை பார்க்கும் சோதனையைக் கல்லூரியில் பலமுறை செய்திருக்கிறாள். தெளிந்த கரைசலில் இளஞ்சிவப்பு நிறம் தோன்றினால் நிறுத்த வேண்டும், அவ்வளவுதான். மாங்கூழிலோ மஞ்சள் நிறத்துக்குள் அந்த இளஞ்சிவப்பு ஒளிந்துகொள்கிறது. கூழில் நிறையத் தண்ணீர் சேர்த்து நிறத்தை வெளுக்க வைத்து, அதன்பிறகு ஒவ்வொரு சொட்டாக விட வேண்டும் என்று ஆய்வகத்து அண்ணன் ஒருவர் சொல்லிக்கொடுத்தாராம். பாடப்புத்தகத்தில் இருப்பதற்கும் பழத்தில் இருப்பதற்கும் உள்ள இந்த வித்தியாசத்தைத்தான் கம்பெனிக்காரர் ‘அனுபவம்’ என்கிறார்.

அவள் ஆலையில் இருந்தது 2025 ஜூன், ஜூலை. அந்த வருடம் நம் மாவட்டத்து மா விவசாயிகள் பட்ட பாடு வாசகர்களுக்கு நினைவிருக்கும். விலை விழுந்தது. ஆலைகள் கிலோவுக்கு 8 ரூபாய் தர, அரசு 4 ரூபாய் சேர்த்து 12 ரூபாயாகக் கொடுக்கும் என்று அறிவித்தார்கள். ஆலை வாசல்களில் டிராக்டர்களும் லாரிகளும் நாள்கணக்கில் வரிசையில் நின்றன. அவளுடைய அப்பாவின் டிராக்டரும் ஒரு நாள் அதே வாசலில் வரிசையில் நின்றது. மகள் உள்ளே வெள்ளைக் கோட்டில், அப்பா வெளியே டார்பாலின் நிழலில். மதிய இடைவேளையில் தன் டிபன் பாக்ஸைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்ததாகச் சொன்னாள். அன்றைய பக்கத்தில் சோதனை எண்கள் எதுவும் இல்லை. “பழம் காத்திருந்தால் கெட்டுப்போகும். அப்பா காத்திருக்கிறார்” என்று ஒரே ஒரு வரி. படிப்பு முடிந்ததும் பதப்படுத்தும் துறைக்கே போக வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தாளாம்.

இரண்டு மாதத்தில் அவள் சம்பாதித்தது பஸ் காசும் கொஞ்சம் ஊக்கத்தொகையும்தான். ஆனால் நேர்முகத் தேர்வில் அவளிடம் என்ன கேட்டாலும் நோட்டிலிருந்து ஒரு பதில் இருக்கிறது. நானே கால் மணி நேரம் குறுக்குக் கேள்வி கேட்டுப் பார்த்தேன், தடுமாறவில்லை. நாளும் தேதியும் போட்டு, செய்ததையும் தவறியதையும் எழுதி வைத்த ஒரு நோட்டு, விலைக்கு வாங்கிய பத்துச் சான்றிதழுக்கு மேல். மாணவர்களே, இந்த ஒன்றையாவது செய்யுங்கள்.

பெரிய தொழிற்சாலைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, பேப்பரில் தினமும் வருகிறது. 2008-ல் தொடங்கிய ஸ்ரீசிட்டி சத்தியவேட்டுக்கும் தடாவுக்கும் பக்கத்தில் இருக்கிறது. இசுசு வண்டி, டைகின் ஏ.சி., கேட்பரி சாக்லேட் எல்லாம் அங்கே உருவாகின்றன. சென்னை மெட்ரோவின் முதல் கட்ட ரயில்களில் பெரும்பாலானவை அங்கே ஆல்ஸ்டாம் ஆலையில் செய்தவைதான். திருப்பதிப் பக்கம் கரகம்பாடியில் அமர ராஜா பேட்டரி, ரேணிகுண்டா பக்கம் மின்னணு ஆலைகள். இங்கெல்லாம் நுழைய நேர்வழி ஒன்று சட்டத்திலேயே இருக்கிறது, அது நம் பிள்ளைகளில் பாதிப் பேருக்குத் தெரியவில்லை.

1961-ல் வந்த அப்ரண்டிஸ் சட்டத்தைச் சொல்கிறேன். முப்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம், தன் ஆள்பலத்தில் இரண்டரை சதவீதம் முதல் பதினைந்து சதவீதம் வரை அப்ரண்டிஸ்களை எடுத்தாக வேண்டும். நிறுவனத்தின் விருப்பம் என்று சட்டம் விடவில்லை. ஐ.டி.ஐ. படித்தவர்களுக்கு ஒரு பிரிவு, டிப்ளமோவும் பட்டமும் முடித்தவர்களுக்கு ‘நாட்ஸ்’ என்ற இன்னொரு பிரிவு. பொறியாளர்களுக்கு மட்டும்தான் என்று நினைத்துவிடாதீர்கள், பி.ஏ., பி.எஸ்ஸி., பி.காம். படித்தவர்களும் இதில் வரலாம். 2019-ல் திருத்திய விதிகள் பட்டதாரிக்கு மாதம் 9,000 ரூபாய் குறைந்தபட்ச உதவித்தொகை என்று வைத்தன, அதில் பாதியை மத்திய அரசு ஏற்றுக்கொள்கிறது. தென் மாநிலங்கள் எல்லாவற்றுக்கும் இதைப் பார்க்கும் பயிற்சி வாரிய அலுவலகம் சென்னை தரமணியில் இருக்கிறது. படிப்பை முடித்துச் சில ஆண்டுகளுக்குள் சேர்ந்துவிட வேண்டும் என்பதால் தள்ளிப்போடாதீர்கள். இதைத் தவிர 2024 அக்டோபரில் பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டம் வந்தது. 21 வயது முதல் 24 வரை, பெரிய கம்பெனிகளில் ஒரு வருடம், மாதம் 5,000 ரூபாய் என்று அதைத் தொடங்கினார்கள்.

ஓர் எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். ‘டிரெய்னி’ என்ற பெயரில் ஆளைச் சேர்த்து, ஒரே இடத்தில் ஒரே பொத்தானை ஒரு வருடம் அழுத்த வைத்துவிட்டு வெளியே அனுப்பும் இடங்களும் உண்டு. சேர்வதற்கு முன்னால் கேளுங்கள்: அப்ரண்டிஸ் ஒப்பந்தம் அரசுத் தளத்தில் பதிவாகுமா, பணம் வங்கிக் கணக்குக்கு வருமா, எந்தெந்தப் பிரிவில் எத்தனை மாதம் பயிற்சி? இதைக் கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. பயிற்சி தருகிறோம், முதலில் பணம் கட்டு என்று யாராவது சொன்னால் அந்த வாசலிலேயே திரும்பிவிடுங்கள்.

நம் தமிழ்ப் பிள்ளைகளிடம் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு என்று வளர்ந்த நீங்கள் அதை ஒரு குறையாகவே நினைக்கிறீர்கள். தமிழும் முழுசாக வரவில்லை, தெலுங்கும் முழுசாக வரவில்லை என்று எத்தனை பேர் என்னிடம் சொல்லியிருக்கிறீர்கள்! ஸ்ரீசிட்டிக்குக் கும்மிடிப்பூண்டியிலிருந்தும் ஊத்துக்கோட்டையிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள், சூளூர்ப்பேட்டையிலிருந்தும் வருகிறார்கள். இரு பக்கத்தாருக்கும் வேலையைப் புரிய வைக்கும் சூப்பர்வைசருக்கு உங்கள் இரண்டு மொழியும் வேண்டும். புத்தூர்க் கட்டுக்கு எலும்பு முறிந்து வருகிறவர்களில் எத்தனை பேர் தமிழ்நாட்டுக்காரர்கள்! திருப்பதி மருத்துவமனைகளில் மருந்துச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு எந்த அறை என்று தெரியாமல் நிற்கும் தமிழ்ப் பாட்டியை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஸ்ரீவேங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்திலும் குப்பம் திராவிடப் பல்கலைக்கழகத்திலும் தமிழ் எம்.ஏ. படிக்கும் பிள்ளைகளே, வேலை இல்லாத படிப்பு என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். மருத்துவமனை உதவி மேஜை, வங்கிப் படிவம், விடுதி வரவேற்பு, கம்பெனிப் பாதுகாப்பு அறிவிப்பு என்று மொழிபெயர்ப்பு தேவைப்படும் இடங்கள் பஸ் போகிற வழியெல்லாம் இருக்கின்றன. நாமாகப் போய்க் கேட்க வேண்டும்.

கேட்டுக் கற்பது என்றதும் சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை நினைவுக்கு வருகிறார். நம் ஊர்ப் பெயரைச் சங்கீத உலகம் முழுக்கக் கொண்டுபோனவர், 1954-ல் சங்கீத கலாநிதி. காஞ்சிபுரம் நாயனா பிள்ளையிடம் குருகுலமாக இருந்து கற்றவர், குருவின் கச்சேரிகளில் கூடவே உட்கார்ந்து பின்பாட்டுப் பாடியவர். பின்பாட்டு என்பது எவ்வளவு அழகான ஏற்பாடு, யோசித்துப் பாருங்கள். சீடன் வீட்டில் மட்டும் சாதகம் செய்துகொண்டிருப்பதில்லை. ஆயிரம் பேர் கேட்கும் மேடையில் குருவுக்குப் பின்னால் உட்காருகிறான். குரு மூச்சு வாங்கும் இடத்தில் இவன் குரல் எடுக்க வேண்டும். தவறினால் சபைக்கே தெரியும், ஆனால் முன்னால் குரு இருக்கிறார், சமாளித்துக்கொள்வார். நம் தச்சர், நெசவாளர், நாகஸ்வரக்காரர், புத்தூர்க் கட்டு வைத்தியர் எல்லாரும் இப்படித்தான் அடுத்த தலைமுறையை உருவாக்கினார்கள். படித்த பிள்ளைகளுக்கு மட்டும் இந்தப் பின்பாட்டை நாம் கொடுக்காமல் விட்டுவிட்டோம்.

அதனால் என் வேண்டுகோள் பிள்ளைகளைவிட நம் வாசகர்களில் தொழில் நடத்துகிற உங்களுக்குத்தான் அதிகம். ஆடிட்டர், வக்கீல், அச்சகம், மருந்துக் கடை, துண்டு வியாபாரம், கிரானைட் பட்டறை, பால் குளிரூட்டும் நிலையம், வெல்ல மண்டி, பள்ளிக்கூடம் என்று என்னென்னவோ செய்கிறீர்கள். வருடத்துக்கு ஒரு பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். டீ வாங்கி வரச் சொல்லாமல் வேலை கொடுங்கள். பஸ் காசும் மதியச் சாப்பாடும் கொஞ்சம் கைச்செலவும் கட்டாயம் கொடுங்கள். சும்மா வந்து கற்றுக்கொள் என்றால் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைதான் வர முடியும். தறியிலும் வயலிலும் ஒரு கை குறைந்தால் அன்றைய கூலி குறையும் வீட்டிலிருந்து யாரும் வர மாட்டார்கள். பெண் பிள்ளைகளை மாலை ஆறு மணிக்கு முன்னால் பஸ் ஏற விடுங்கள், பெற்றோரை ஒரு நாள் அழைத்து இடத்தைக் காட்டுங்கள். முடிந்து போகும்போது உங்கள் கைப்பட நான்கு வரி எழுதிக் கொடுங்கள்: இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை, இன்ன வேலை செய்தார், இதை நன்றாகச் செய்கிறார், இவ்வளவு. அச்சடித்த பொன்னிற ஓரச் சான்றிதழைவிட அந்த நான்கு வரிக்கு மதிப்பு அதிகம். ஐயம் வந்தால் உங்களுக்கே போன் செய்து கேட்டுக்கொள்வார்கள்.

அடுத்த இதழிலிருந்து நான்கு மாதத்துக்கு ஒரு பக்கத்தை இதற்கென்றே ஒதுக்குகிறோம். பிள்ளைகளை எடுத்துக்கொள்ளத் தயாராக இருப்பவர்கள் என்ன வேலை, எத்தனை மாதம், என்ன கொடுப்பீர்கள் என்று ஒரு தபால் அட்டையில் எழுதி அனுப்புங்கள். நேரில் விசாரித்துக்கொண்டு காசு வாங்காமல் வெளியிடுகிறோம்.

நகரி அம்மாவுக்கு: உங்கள் மகன் பி.காம். என்று எழுதியிருந்தீர்கள். முதலில் அவனை ‘நாட்ஸ்’ தளத்தில் இந்த வாரமே பதிவு செய்யச் சொல்லுங்கள், இரண்டு வருடம்தான் ஆகிறது, வாய்ப்பு இருக்கிறது. அடுத்தது, நகரியிலேயே துண்டு வியாபாரிகளுக்குக் கணக்குப் பார்க்கும் ஆடிட்டர் அலுவலகத்துக்கு நேரில் போகச் சொல்லுங்கள். ஜி.எஸ்.டி.யில் விற்பனைக் கணக்கை 11-ஆம் தேதிக்குள்ளும் மாத ரிட்டர்னை 20-ஆம் தேதிக்குள்ளும் போட்டாக வேண்டும், அந்தப் பத்து நாளில் எந்த ஆடிட்டருக்கும் ஆள் போதாது. அந்த நாளில் போய் நின்று, பில்களைப் பதிந்து தருகிறேன் என்று கேட்கச் சொல்லுங்கள். உங்கள் வீட்டுத் தறிக்கே நூல் வாங்கிய கணக்கும் துண்டு விற்ற கணக்கும் இருக்குமே, அதை ஒரு வருடத்துக்கு டேலியில் ஏற்றி எடுத்துக்கொண்டு போகட்டும். அதுவே அவனுடைய முதல் அனுபவம்.

நம் அலுவலகத்திலும் சந்தாக் கணக்கை நோட்டிலிருந்து கணினிக்கு மாற்றும் வேலை மூன்று மாதத்துக்கு இருக்கிறது. சம்பளம் உண்டு, மதியச் சாப்பாடு உண்டு. வரும் திங்கட்கிழமை காலை 10 மணிக்கு மகனை அனுப்பி வையுங்கள், அம்மா.

அன்புடன்,
ஆசிரியர்